இலைக்கு வாழும் செடி

கொச்சிக்கு அருகிலுள்ள கும்பளங்கி, காயல் சூழ்ந்த ஊர். அங்கே காற்றிலேயே ஈரம் உண்டு. ஆகவே, இலையழகுக்காகத் திண்ணையில் வளர்க்கும் ரெக்ஸ் பெகோனியாவுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுவது அன்பு ஆகாது. அதன் கிழங்குத்தண்டு அழுகிவிடும். மேல்மண் உலர்ந்ததை விரலால் தொட்டறிந்த பின்னரே நீர் விடவேண்டும். இலைமேல் தெளித்தலும் வேண்டா. நேர்வெயில் இலையைக் கருக்கும். சன்னலோர வெளிச்சமே போதும்.

வெள்ளியும் செம்மையும் கலந்த இலையைக் கண்டு, இதனை வெளிநாட்டுச் செடி என்பார் பலர். அது பிழை. இதன் தாயகம் அசாம். 1850களில் ஐரோப்பா சென்று, அங்கே பலநிறக் கலப்பினங்களாகித் திரும்பியது.

நரம்போடு வெட்டிய இலைத்துண்டை ஈரமணலில் பதித்தால் அதிலிருந்தே புதுச்செடி முளைக்கும். எனவே, கடையில் விலைகொடுத்து வாங்குவதைவிட அண்டைவீட்டாரிடம் ஓர் இலை கேட்பதே நன்று.