மேடை உடையும் ஓவியமே

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. இஃது உலக வாழ்க்கையினும் நாடகத்துக்கே முற்றும் பொருந்துவதாகும். நடிகன் வாய் திறக்குமுன்னரே அவன் இன்னான், இன்ன நாட்டான், இன்ன காலத்தான் என்று அவையோர்க்கு அறிவிப்பது அவன் அணிந்த உடையேயன்றோ? அவ்வுடை பொய் கூறுமாயின், பின்வரும் மெய்ம்மொழிகளும் வலியிழந்து போம்.

சென்ற கோடையில் கோட்டைப்பட்டினத்துக்கு அணித்தானதொரு சிற்றூரில், திருவிழா இரவில் கோவலன் நாடகம் கண்டேன். பாண்டியன் மேடையேறினான். முழங்காலளவும் தொங்கும் வெல்வெட்டு அங்கி, அதன்மேற் சரிகையும் சமிக்கியும், காலிற் பூட்ஸு! பாட்டு நெஞ்சை உருக்கிற்று. ஆயினும் கண்முன் நின்றவன் பாண்டியன் அல்லன். சென்ற நூற்றாண்டுக்கும் முன்னர்ப் பார்ஸி நாடகக் குழுவினர் தென்னாட்டிற் பரப்பிய கோலமே பாண்டியன் பெயர் பூண்டு நின்றது.

அந்நடிகரைப் பழிப்பது என் கருத்தன்று. தொலைவில் மணலில் அமர்ந்திருப்போர் கண்ணுக்கும் புலனாகவேண்டியே அவர் மின்னும் துணியை நாடுகின்றனர். குற்றம் கற்றோராகிய நம்முடையது. கல்லூரி மேடையில் நாம் சேரனுக்கும் ஏரோதுக்கும் ஒரே வாடகை அங்கியை மாட்டி, அதனைச் சரித்திர நாடகம் என்கின்றோம்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டத் தக்கவர் ருஷிய ஓவியர். ரிம்ஸ்கி கொர்ஸகோவ் இயற்றிய "பனிமகள்" என்னும் இசை நாடகம் 1885-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் மாமன்தவ் என்னும் செல்வரது அரங்கில் நடைபெற்றபோது, அதற்கு உடை வகுத்தவர் தையற்காரர் அல்லர். வாஸ்னெட்ஸோவ் என்னும் பேரோவியர். அவர் குடியானவர் உடைகளையும் அவற்றின் பூவேலையையும் உற்று நோக்கித் தூரிகை எடுத்தார். பிலிபின் என்னும் ஓவியர் 1902 முதல் 1904 வரை வடருஷியச் சிற்றூர்களிற் சுற்றிப் பழைய ஆடைகளையும் மரவேலைகளையும் ஆராய்ந்தார். 1908-இல் பாரிஸ் நகரில் முஸோர்க்ஸ்கியின் "போரிஸ் கொடுனோவ்" நடிக்கப்பெற்றபோது, அவ்வாராய்ச்சியே உடைகளாக மலர்ந்தது. அவர்கள் உடைக்கென வரைந்த படங்கள் இன்று பொருட்காட்சிச் சாலைகளில் ஓவியங்களாகவே போற்றப்படுகின்றன. அடுத்த ஆண்டு அதே நகரில் "இகோர் இளவரசன்" நாடகத்துக்குக் கோலம் வகுத்த ரோரிக், பின்னாளில் நம் நாட்டுக் குலுப் பள்ளத்தாக்கிலே வாழ்ந்து, 1947-இல் அங்கேயே மறைந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நிற்க. நமக்கு ஆதாரம் இல்லையோ? புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் இருக்கின்றது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த அக்குகைக் கோயிலின் தூண்களில் அரசனும் அரசியும் உளர். ஆடல் மகளிர் இருவரும் உளர். முடியின் அமைப்பும், காதணியின் கனமும், மேனியைத் தழுவும் மெல்லாடையின் மடிப்பும் அங்கே காணலாம். சிலப்பதிகாரப் பாண்டியன் அதற்கும் முற்பட்டவனே. எனினும் வெல்வெட்டினும் இவ்வோவியம் அவனுக்கு அணித்தன்றோ? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலத்துப் பூச்சின் அடியில் மறைந்துகிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அங்கே ஆடவர் அங்கியின்றி, கொண்டை முடித்து, அணிகளே அழகாக நிற்கின்றனர். நூலை நாடுவோர்க்குக் கடலாடு காதை உண்டு. மாதவி அரையில் அணிந்த முத்துவடம் 32 என்பது ஈறாக இளங்கோவடிகள் எண்ணி உரைத்துள்ளார்.

"சுவரில் உள்ளவாறே மேடையில் நிற்றல் நாணத்துக்கு ஒவ்வுமோ?" என வினவுவர் சிலர். ருஷிய ஓவியர் படியெடுத்தாரல்லர், தெரிந்தெடுத்தார். நாமும் வண்ணமும் மடிப்பும் அணியும் அங்கிருந்து கொண்டு, இக்கால அவைக்கு இசைய அமைத்தல் கூடும். "செலவு மிகுமே" என்பர் வேறு சிலர். கைத்தறிப் பருத்தியைச் சாயந்தோய்த்து உடுப்பதற்கு வெல்வெட்டினும் மிகுந்த பொருள் வேண்டுவதில்லை, வேண்டுவது உழைப்பே. "வெறும் உடையிற் காலங்கழிப்பதோ?" என்பார்க்கு ஒன்று கூறுவேன். யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில், ஆரோனுடைய அங்கியின் விளிம்பில் மாதளம்பழ வடிவும் பொன்மணியும் மாறிமாறி அமையவேண்டுமென ஆண்டவரே மோசேக்குக் கற்பித்தார். உடை அற்பமாயின் வேதத்தில் இத்துணை இடம் பெறுமோ?

கல்கியின் பொன்னியின் செல்வனுக்கு 1950 முதல் 1954 வரை மணியம் தீட்டிய சித்திரங்கள் வாயிலாகவே நம்மிற் பலர் சோழரைக் கண்டனர். கண்ணிற் பதிந்த கோலமே சரித்திரமாக நெஞ்சில் நிலைக்கின்றது. ஆதலின் பிழையான உடை ஓரிரவுப் பிழையன்று. காண்போர் உள்ளத்தில் நெடுநாள் தங்கும் பிழையாகும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டு நாடகத்துக்கு வாடகைக் கடையின் வாயிலை நாடுமுன், தமிழ் மாணவரும் ஓவியம் வல்லாரும் ஒருநாள் சித்தன்னவாசற் குன்றேறுவோமாக. அங்கே நிறம் மங்கி உதிர்ந்துகொண்டிருக்கும் அரசனை நம் தாளிலே வரைந்து வருவோமாக. சுவரில் அவன் தேய்ந்துவரினும், நம் மேடையிலேனும் தன் உடையோடு எழுந்து நிற்பான்.