மன்கட் என்பது ஒரு ஆட்டக்காரரின் பெயர்

ஹாஸ்டல்ல கரண்டு போனா எங்களுக்கு ஒரே வேலைதான்: எல்லாக் காலத்துக்குமான இந்திய டெஸ்ட் அணியைத் தேர்ந்தெடுக்கிறது. என் அணி இது: கவாஸ்கர், சேவாக், திராவிட், சச்சின், கோலி, வினு மன்கட், தோனி, கபில்தேவ், அஸ்வின், கும்ப்ளே, பும்ரா. லட்சுமணை விட்டதுக்கு ஒரு சண்டை, ஜாகீர்கானை விட்டதுக்கு ஒரு சண்டை. அது வழக்கம். ஆனா ஆறாவது பேரைக் கேட்டதும் ஒருத்தன் சொன்னான்: “யாருலே அது? மன்கடிங் பண்ணுன ஆளா?”

அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்கள்ல பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மன்கட் 44 டெஸ்டில் 2109 ரன், 162 விக்கெட் எடுத்தவர். ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா இடத்திலும் இறங்கி ஆடியவர். இந்தியா முதன்முதலா டெஸ்ட் ஜெயிச்சது 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிரா. அந்த மேட்சில் அவருக்கு 12 விக்கெட். அதே வருஷம் லார்ட்ஸில் 72, 184. 1956இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிரா 231. அன்னைக்கு அவரும் பங்கஜ் ராயும் சேர்த்த 413 ரன், தொடக்க ஜோடிக்கான உலக சாதனையா 52 வருஷம் நின்னது. ஜடேஜாதான் வேணும்னா எடுங்க, அதிலும் நியாயம் இருக்கு. மன்கட்டைத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

இப்போ அந்தச் சொல்லுக்கு வருவோம். 1947 டிசம்பர், சிட்னி டெஸ்ட். பந்து வீசும் முன்னமே கிரீஸை விட்டு நகர்ந்த பில் பிரவுனை மன்கட் ரன் அவுட் ஆக்கினார். அதே சுற்றுப்பயணத்தில் வேறொரு மேட்சில் பிரவுனை எச்சரிச்சுட்டுத்தான் அவுட் ஆக்கியிருந்தார். எதிரணி கேப்டன் பிராட்மேனே அவர் பக்கம்தான் பேசினார். கிரீஸைத் தாண்டியது பிரவுன். பேரு கெட்டது மன்கட்டுக்கு!

இஞ்சினியரிங் பிள்ளைகள்தானே, ஒரு கணக்கு போடுங்க. இரண்டு கிரீஸுக்கும் நடுவில 17.68 மீட்டர். 2 மீட்டர் முன்னாடியே நகர்ந்தா, ஓட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு சும்மா கிடைச்சுரும். பௌலரோட கால் கொஞ்சம் தாண்டினாலே நோ பால். அப்போ இவருக்கு மட்டும் என்ன சலுகை?

2019 ஐபிஎல்லில் பட்லரை அஸ்வின் இப்படி அவுட் ஆக்கினப்போ அவரைத் திட்டாத ஆள் குறைவு. விதிகளை எழுதும் எம்.சி.சி., 2022 அக்டோபரில் இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ‘ரன் அவுட்’ பற்றிய 38ஆம் விதியில் வச்சுட்டாங்க. விதி மாறிருச்சு, நம்ம வாய் மாறல்ல.

சொல்லை மாத்த முடியாதா என்ன? ‘பேட்ஸ்மேன்’ போய் ‘பேட்டர்’ வந்தது 2021இல். தென்னை மட்டையில ஆடிப் பழகின நமக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ‘மட்டையாளர்’ அதுக்கு முன்னமே இருந்தது.

போன வருஷம் கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச வயலில் ஒரு மேட்ச். எங்க பௌலர் இரண்டு தடவை எச்சரிச்சான், மூணாவது தடவை பெயில்ஸைத் தட்டினான். “கள்ளக்களி, மன்கடிங்”னு சுத்தி நின்னவங்க கூவினாங்க. சொந்த டீம்காரங்க நாங்களும் வாயைத் திறக்கல்ல. அவன் அதுக்குப் பிறகு ஆட வரல்ல. அந்த விக்கெட் அவன் கணக்கில்கூட சேராது, டீமுக்காகச் செய்தது.

இந்த வருஷம் நானே போய் அவனைக் கூப்பிடப் போறேன். நீங்க ஸ்கோர் நோட்டில் ‘ரன் அவுட்’னு மட்டும் எழுதுங்க மக்கா. மன்கட் பேரை அணிப் பட்டியலில் எழுதுங்க.