சர்வருக்கும் ரஜ்ஜு உண்டு

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், சர்வர் வாங்கும்போது ஒரே ஒரு பொருத்தம்தான் பார்க்கிறோம். விலைப் பொருத்தம். அதன் பலனை அனுபவிப்பது கையெழுத்துப் போட்ட மேனேஜர் இல்லை. 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேப்பா' என்று மாட்டிவிடப்பட்ட இளைஞன். இந்த வாரம் அந்த அப்பாவிக்காக.

முதலில், விஷயம் என்ன? அக்கவுண்ட்ஸுக்கு ஒரு சர்வர், ஈமெயிலுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினால், ஒவ்வொன்றும் பாதி நாள் கொட்டாவி விட்டுக்கொண்டு கரண்ட் தின்னும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய மெஷின். அதன் வயிற்றுக்குள் பத்து மாய மெஷின்கள். ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கை கெடாமல், குழாயடிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்குப் பெயர் ஹைப்பர்வைசர்.

இது நேற்றைய சமாசாரமில்லை. ஐபிஎம் 1960-களிலேயே பெரிய மெயின்ஃப்ரேம்களில் பரீட்சித்துப் பார்த்து, 1972-ல் விஎம்/370 என்று பெயர் வைத்து வெளியிட்டது. நம் மேஜைக் கம்ப்யூட்டர் ஜாதிச் சிப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை வெகுநாள் இல்லை. 1998-ல் பிறந்த விஎம்வேர் கம்பெனி, முரண்டு பிடிக்கும் கட்டளைகளை ஓடுகிற ஓட்டத்திலேயே மாற்றி எழுதி அதைச் சாதித்தது. 2001-ல் சர்வருக்கென்றே ஈஎஸ்எக்ஸ் வந்தது. 2005-ல் இன்டெல்லும் 2006-ல் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டன. இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி. இதுதான் முதல் பொருத்தம். (வசதி இருந்தும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். 'சிப் சரியில்லை' என்று சப்ளையரோடு சண்டைக்குப் போகுமுன் அந்த ஸ்விட்சைப் பார்த்துவிடுங்கள்.)

இரண்டாவது வயசுப் பொருத்தம். "சார், பழைய சர்வர் ஒண்ணு வருது. ரெண்டு ஜியான் சிப், 128 ஜிபி மெமரி, அடிமாட்டு விலை" என்று போன் வரும். மேனேஜர் முகம் மலரும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எந்தத் தலைமுறைச் சிப்?" 2010-ல் வெளிவந்த ஜியான் 5600 வரிசை பிரமாதமான சிப்தான். ஆனால் 2020-ல் வந்த ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 அதை உள்ளே விடவில்லை. மெஷின் நன்றாக இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது, ஆனால் புது வெர்ஷன் ஏறாது. பழைய வெர்ஷனோடு காலம் தள்ளலாமே என்றால், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும். பூட்டுக் கம்பெனி கைவிட்ட பூட்டைக் கஜானாவுக்குப் போட்ட மாதிரி.

மூன்றாவதுதான் ரஜ்ஜு. ஜோசியர்கள் சொல்வார்கள் இல்லையா, மற்ற ஒன்பதும் அமோகமாக இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் வேண்டாம் என்று? சர்வரில் அந்த ஸ்தானம் டிரைவருக்கு. நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் இரண்டோடும் ஹைப்பர்வைசர் பேச வேண்டுமானால், அந்தந்தச் சாதனத்துக்கென்று மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் டிரைவர். பழைய ஈஎஸ்எக்ஸ்ஐ, லினக்ஸுக்காக எழுதிய டிரைவர்களையும் ஓர் இடைத்தரகர் வைத்து ஏற்றுக்கொண்டது. 7.0-ல் அந்தத் தரகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த டிரைவர் இல்லாத சாதனங்கள் ஒரே நாளில் அனாதையாயின. ரியல்டெக் நெட்வொர்க் சிப் வைத்த டெஸ்க்டாப் போர்டில் 7.0-ஐ ஏற்றப் பார்த்தவர்கள், 'நெட்வொர்க் கார்டே இல்லை' என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். கார்டு என்னவோ கண்ணெதிரே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது!

இதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வது? வேண்டியதில்லை. பஞ்சாங்கம் இருக்கிறது. எந்த சர்வர், எந்தச் சிப், எந்தக் கார்டு எந்த வெர்ஷனோடு ஒத்துப்போகும் என்று விஎம்வேர் ஒரு பொருத்தப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'இந்தக் கம்பெனி சர்வர் லிஸ்டில் இருக்கு சார்' என்பது பதிலே இல்லை. 'ராமசாமி நல்லவர்' என்பது மாதிரி. எந்த ராமசாமி? மாடல் எண் வேண்டும், சிப்பின் தலைமுறை வேண்டும், ஃபர்ம்வேர் வெர்ஷன் வேண்டும், டிரைவர் வெர்ஷன் வேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு அடையாள எண்கள் உண்டு. தயாரித்தவர், சாதனம், தன் லேபிள் ஒட்டி விற்றவர், அவர் கொடுத்த மாடல். ஒரே சிப்தான், ஆனால் வேறு லேபிள் என்றால் பட்டியலில் அது வேறு வரி. நான்கும் பொருந்தினால்தான் பொருத்தம்.

பட்டியலில் ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் போதுமா? போதாது. 2014-ல் விஎம்வேர் விசான் என்று ஒன்று கொண்டுவந்தது. பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே கிடங்காக ஆக்கும் வித்தை. சில மாதங்களிலேயே, பட்டியலில் இருந்த சில டிஸ்க் கன்ட்ரோலர்களை எடுத்துவிட்டார்கள். காரணம், வரிசை நீளம். ரேஷன் கடை க்யூவில் இருபத்தைந்து பேர்தான் நிற்கலாம், மற்றவர்கள் தெருவில் காத்திருக்க வேண்டும் என்றால் எப்படி? சாதாரண நாளில் தெரியாது. சர்க்கரை வந்த நாளில் தெரியும். அதே மாதிரி ஒரு டிஸ்க் செத்து, அதன் பங்கை மற்ற டிஸ்க்குகளில் திரும்ப எழுதும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் க்யூவுக்கு வருவார்கள். சின்ன க்யூ திணறிப்போகும். ஆகவே வாங்கும் வாரத்தில் ஒரு தடவை, வெர்ஷன் மாற்றுமுன் இன்னொரு தடவை பஞ்சாங்கம் பார்ப்பது உத்தமம்.

நாலாவது, சம்பந்தி பொருத்தம். ஒரு சர்வர் போதாது, இரண்டு வேண்டும் என்பீர்கள். (சபாஷ்!) ஓடிக்கொண்டிருக்கும் மாய மெஷினை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வித்தை விஎம்வேரில் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் ஒன்று இன்டெல், மற்றது ஏஎம்டி என்றால் இந்த ஜம்பம் சாயாது. இரண்டும் இன்டெல், ஆனால் தலைமுறை வேறு என்றால் ஒரு வழி இருக்கிறது. புதுச் சிப்பைப் பழைய சிப் அளவுக்கு அடக்கி வாசிக்கச் சொல்லலாம். அண்ணனுக்குத் தெரிந்த பாஷையில்தான் தம்பியும் பேச வேண்டும். தம்பியின் புதுப்படிப்புக்குக் கொடுத்த காசு கொஞ்சம் வீண்.

ஐந்தாவது, எல்லாரும் மறப்பது: லைசென்ஸ் பொருத்தம். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் கட்டி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்தி, சந்தாவாக்கிவிட்டார்கள். கணக்கு ஒரு கோருக்கு இவ்வளவு என்று. அதோடு, ஒரு சிப்புக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்டியாக வேண்டும். இப்போது பாருங்கள். இரண்டு 8-கோர் சிப் போட்ட சர்வர் வாங்கினால் கையில் இருப்பது 16 கோர், கட்டுவது 32-க்கு. ஒரே 16-கோர் சிப் வாங்கினால் இருப்பதும் 16, கட்டுவதும் 16. 'ரெண்டு சிப்னா கெத்தா இருக்கும் சார்' என்ற சப்ளையரின் ஒரு வாக்கியத்துக்கு வருஷா வருஷம் நீங்கள் மொய் எழுத வேண்டியிருக்கும்.

இதற்குப் பயந்து பலர் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் போகிறார்கள். லினக்ஸின் மேல் உட்கார்ந்தது, 2007-லிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் கேவிஎம்மை உபயோகிப்பது. லினக்ஸுக்குத் தெரிந்த ஹார்டுவேர் எல்லாம் அதற்கும் தெரியும் என்பதால் ரஜ்ஜு தோஷம் குறைவு. இல்லவே இல்லை என்று நினைத்து, கையில் கிடைத்த டெஸ்க்டாப் பாகங்களைச் சேர்த்து சர்வர் கட்டக் கூடாது. மெமரியில் ஒரு பிட் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி மெமரி வேண்டும். கரண்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுச் சாகும் எஸ்எஸ்டி வேண்டும். 'இதெல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இல்லையேப்பா, நல்லாத்தானே ஓடுது' என்பார் மேனேஜர்.

"சார், உங்க வீட்ல படுத்தா உங்க பையன் கேம் ஆட முடியாது. இங்க படுத்தா பத்தும் ஒண்ணா படுக்கும். முப்பதாம் தேதி படுத்தா சம்பளம் வராது."

கடைசி வாக்கியத்தைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள். அவர் சம்பளமும் அதே மெஷினில்தான் இருக்கிறது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் சாஃப்ட்வேர் எது, எந்த வெர்ஷன் என்று முடிவு செய்யுங்கள். பிறகு பட்டியலைத் திறந்து சர்வர், கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு மூன்றையும் எண் எண்ணாகப் பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்சடித்து, தேதி போட்டு, ஃபைலில் வையுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் மாடல் எண்ணை எழுதி, 'பட்டியலில் உள்ளபடி, இல்லையேல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேருங்கள். விலையைக் கடைசியில் பேசுங்கள். ஏதாவது ஆகி, 'யார்யா இதை வாங்கச் சொன்னது?' என்ற குரல் கேட்கும் தினத்தில், ஃபைலில் இருக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் உங்கள் வக்கீல்.

கல்யாணத்தில் பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு ஓட்டிவிடுவார்கள். டிரைவருக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது.