தந்தமில்லா யானைகள்: மொசாம்பிக் யுத்தம் விட்டுச்சென்ற தடம்

1977 முதல் 1992 வரை மொசாம்பிக்கில் நீடித்த உள்நாட்டு யுத்தத்தில், இரு தரப்புப் படைகளும் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளை வேட்டையாடின. கொரொங்கோசா தேசியப் பூங்காவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகமான யானைகள் அழிந்தன.

அந்த அழிவு எஞ்சியவற்றின் உடலிலும் பதிந்திருப்பதை, 2021இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. யுத்தத்துக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே தந்தமின்றி இருந்தன. யுத்தத்துக்குப் பின்னர் அது ஏறத்தாழ அரைவாசியானது. யுத்தத்தைக் காணாமல், பின்னர் பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் இல்லை.

துப்பாக்கி இந்தப் பண்பை உருவாக்கவில்லை. அதற்கான மரபணு வேறுபாடு கூட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. தந்தமுள்ளவை சுடப்பட்டன, இல்லாதவை பிழைத்து, அந்தப் பண்பைத் தம் குட்டிகளுக்குக் கடத்தின. வேறுபாடே இல்லாத கூட்டத்தில் இயற்கைத் தேர்வுக்குத் தெரிவதற்கு எதுவும் இருப்பதில்லை.

ஆயினும் இதை உயிர்பிழைத்தலின் வெற்றியாக மட்டும் பார்க்க முடியாது. இம்மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது என்றும், அதைப் பெறும் ஆண் குட்டிகள் கருவிலேயே இறக்கின்றன என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நீருக்காக நிலத்தைத் தோண்டவும் மரப்பட்டையை உரிக்கவும் தந்தம் தேவை.

வேட்டை மீளாவிட்டால் தந்தமுள்ளவை மீண்டும் பெருகலாம். அதற்கான மரபணுவும் கூட்டத்தில் எஞ்சியுள்ளது. ஆனால் யானைக்கு ஒரு தலைமுறை என்பது ஏறத்தாழ 25 ஆண்டுகள். 15 ஆண்டு யுத்தத்தின் தடம் அழிய, அதைவிட நீண்ட சமாதானம் வேண்டும்.