யார் உண்ட வீடு?

லூவ்ர் அருங்காட்சியகத்தில் மொறோ வரைந்த விருந்துச் சித்திரமொன்று இருக்கிறது. 1771இல் பரிசுக்கு அருகே லூவ்சியென்னில், பதினைந்தாம் லூயி மன்னனுக்கு மதாம் து பரி அளித்த விருந்து. மெழுகுதிரி வெளிச்சத்தையும் சீமாட்டிகளின் உடையையும் புகழ்கிறார்கள். கோப்பை கழுவும் நாம் முதலில் பார்ப்பது தட்டம் ஏந்துவோரைத்தான்.

அங்கே நிற்கும் கருநிறச் சிறுவன் ஸமோர் என்பர். வங்காளத்துச் சிட்டகொங்கிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவன். ஆபிரிக்கன் என்றே பலர் நினைத்தார்கள். கறுப்பனிடம் ஊர் கேட்பானேன்?

1793இல் புரட்சி நீதிமன்றில் எசமானிக்கு எதிராகச் சாட்சி சொன்னான். அவள் தலை போயிற்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தானாம்! பிள்ளையை விலைபேசிய வீட்டுக்கு என்ன நன்றிக்கடன்? 1820இல் பரிசில் வறுமையிலேயே செத்தான்.

தஞ்சம் தந்த நாட்டைக் குறை சொல்லாதே என்று எங்கள் வாயை அடைக்கும் எம்மவரும் இந்தப் படத்தை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டே போகலாம்.