சக்கரம் தரையில் நிற்கட்டும், பிறகு இறுக்குங்கள்

லோயர் ஆர்ம் புஷ் மாற்றி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, மறுபடி 'டக் டக்' என்று சத்தம். டூப்ளிகேட் சரக்கு என்று பாகம் விற்றவர் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். பல நேரம் புஷ் நல்ல புஷ்தான். இறுக்கிய நிலைதான் தப்பு.

புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். அதன்பின் எதுவும் சுழலாது. ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கினால் அந்தத் தொங்கலே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். கீழே இறக்கியதும், நிற்கிற வண்டியிலேயே அது முறுகிக் கிடக்கும். வேகத்தடையில் ஏறினால் இன்னும் முறுகும், ஓரத்திலிருந்து கிழியும்.

செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில் எல்லா வாசலிலும் பிட் இருக்காது, லிஃப்ட்டும் இருக்காது. வேப்பமர நிழலில், சொந்த வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. வழி சொல்லிக் கொடுப்போம். பிரிப்பதற்கு முன்பே, வண்டி தரையில் நிற்கும்போது, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். புஷ் போட்டபின் போல்ட்டைக் கையிறுக்கமாக விட வேண்டும். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட் பக்கமாக இன்னொரு ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும்வரை மெல்லத் தூக்க வேண்டும். கடைசி இறுக்கம் அப்போதுதான். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

அடுத்தது பைப் போட்டு இறுக்கும் பழக்கம். அறுபது கிலோ ஆள் இரண்டடி பைப்பில் தன் முழு எடையையும் போட்டால் 36 கி.கி. மீட்டர் டார்க் விழுகிறது. பல சிறிய கார்களின் ஆர்ம் போல்ட்டுக்குக் கேட்பது பத்தை ஒட்டித்தான். கொடுக்கும் டார்க்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி உராய்விலேயே போகிறது. அதனால்தான் மரையில் எண்ணெய் தடவிவிட்டு, உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கையே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடுகிறது. டார்க் ரெஞ்ச் வாங்கிய காசு வீண்போகாது. அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள்.

பால் ஜாயிண்ட் நட்டுக்கு இந்தத் தொங்கல் பிரச்சினை இல்லை, ஜாயிண்ட்டின் பால் குழியில் சுழலும். ஆனால் காட்டர் பின் துளை நேர் வரவில்லை என்று நட்டைத் தளர்த்தக் கூடாது. அடுத்த துளைக்கு முன்னே தள்ளி இறுக்குங்கள்.

வீட்டில் புஷ் போட்ட வண்டி உங்களிடம் அலைன்மென்ட்டுக்கு வந்தால், முதலில் எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேளுங்கள். தொங்கலில் என்றால், எடை சக்கரத்தில் நிற்கும்போது போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நான்கு தடவை அமுக்கி விட்டு, திரும்ப டார்க் கொடுங்கள். ரப்பர் கிழியாமலிருந்தால் அந்தப் புஷ்ஷே ஓடும். அலைன்மென்ட்டை அதற்குப் பிறகு பாருங்கள்.