முகத்தை மெல்ல நீவுங்கள்



காலையில் எழுந்தவுடன் முகம் சற்று ஊதினாற்போல் இருப்பதும், கீழிமைகள் தடித்துக் காணப்படுவதும் நம்மில் பலர் அறிந்த ஒன்றே. இரவு வெகுநேரம் விழித்திருந்த மறுநாளும், கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமாக உண்டு படுத்த மறுநாளும் இது கூடுதலாகத் தெரியும். நோன்புக் காலத்தில் ஸஹர் உணவு உண்டு, தொழுதுவிட்டு மீண்டும் படுத்து எழுவோருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக 'நிணநீர் மசாஜ்' என்னும் பெயர் இன்று எங்கும் அடிபடுகிறது. அழகு நிலையங்களில் இதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குகின்றனர். கைபேசியில் பார்த்துவிட்டுப் பச்சைக்கல் உருளையை வாங்கி முகத்தில் உருட்டும் இளம்பெண்களும் நம் இல்லங்களில் உண்டு. உருளையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். கழுவிய கைகள் இரண்டு போதும். ஆயினும் அந்தக் கைகள் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு மென்மையாகச் செல்ல வேண்டும், எப்போது முகத்தைத் தொடவே கூடாது என்பவற்றை அறிந்தே செய்தல் வேண்டும்.

குருதி ஓடும் நுண்ணிய நாளங்களிலிருந்து தெளிந்த நீர் இடைவிடாது கசிந்து திசுக்களை நனைத்துக்கொண்டே இருக்கிறது. கசிந்த நீர் அங்கேயே தங்கிவிட்டால் உடல் வீங்கிவிடும். அதனைத் திரட்டி மீண்டும் குருதியில் சேர்ப்பதற்கு மெல்லிய குழாய்களின் வலை ஒன்று உடலெங்கும் பரவியிருக்கிறது. அதில் ஓடுவதே நிணநீர். நாளொன்றுக்குச் சில லிட்டர் நீர் இவ்வழியே திரும்புகிறது. குருதியைச் செலுத்த இதயம் இருப்பதுபோல் நிணநீரைச் செலுத்தத் தனி இயந்திரம் எதுவும் இல்லை. குழாய்ச் சுவர்கள் தாமே மெல்லச் சுருங்கி விரிவதாலும், தசைகள் அசைவதாலும், மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் அது நகர்கிறது. யானைக்கால் நோயில் கால் பருத்துப்போவது ஏன்? கொசுவின் வழியே உடலில் புகுந்த புழுக்கள் இக்குழாய்களில் குடியேறி அவற்றைப் பழுதாக்குவதால்தான்.

நிணநீர் செல்லும் வழியெங்கும் வடிகட்டிகளைப் போன்ற சிறு முடிச்சுகள் அமைந்துள்ளன. உடல் முழுவதும் ஏறத்தாழ 600 முடிச்சுகள் உள்ளன என்பர். அவற்றில் பெரும் பங்கு கழுத்தைச் சுற்றியே இருக்கிறது. தொண்டை புண்ணானால் 'நெறி கட்டியிருக்கிறது' என்று தாய்மார்கள் தடவிப் பார்த்துச் சொல்வது இம்முடிச்சுகளைத்தான். முகத்தின் நிணநீர் காதோரத்திற்கும் தாடையடிக்கும் வந்து, கழுத்து வழியே இறங்கி, காறை எலும்பின் பின்புறம் உள்ள பெரிய இரத்த நாளங்களில் கலக்கிறது. முகத்தை நீவும் முறை முழுவதும் இந்தப் பாதையை ஒட்டியே அமைந்தது.

இம்முறையை வகுத்தவர்கள் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் ஆவர். 1930களின் தொடக்கத்தில் பிரான்ஸின் தென்கரையில் உள்ள கான் நகரில் அவர்கள் பணியாற்றினர். தீராத சளித்தொல்லையோடு வந்தவர்களின் கழுத்தில் வீங்கிய நெறிகளை மிக மென்மையாக வருடிப் பார்த்தனர். நிணநீர் முடிச்சுகளில் கை வைப்பதற்கே மருத்துவர்கள் தயங்கிய காலம் அது. 1936ஆம் ஆண்டு பாரிஸில் தம் முறையை அவர்கள் வெளியிட்டபோது, மருத்துவ உலகைவிட அழகுக்கலை உலகமே முதலில் அதனை வரவேற்றது. பின்னாளில், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கும் பெண்களுக்குச் செய்யும் சிகிச்சையில் இதுவும் ஓர் அங்கமாயிற்று. அது முறையாகப் பயின்றவர் செய்ய வேண்டியது. நாம் இங்கே பேசுவது காலை நேரத்துச் சிறு வீக்கத்திற்கு வீட்டில் செய்துகொள்ளும் எளிய வருடலை மட்டுமே.

முகத்தில் கை வைக்குமுன் ஒரு சொல். முதலில் உங்கள் காலைப் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின்மீது கட்டை விரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், அது உடலில் நீர் கோத்திருப்பதற்கான அடையாளம். சிறுநீரகம், இதயம், கல்லீரல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சோர்ந்திருக்கலாம். முகத்தை நீவி மறைக்கக் கூடிய வீக்கமன்று அது. மருத்துவரிடம் காட்ட வேண்டியது. முகம் உப்பலாகவே இருந்து, அதனுடன் தோல் வறட்சி, குரல் கரகரப்பு, ஓயாத களைப்பு, மலச்சிக்கல், உடல் எடைக் கூடுதல் ஆகியனவும் சேர்ந்தால் தைராய்டு குறைந்திருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நலம்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதையும் கவனியுங்கள். காலைதோறும் குழந்தையின் இமைகள் வீங்கி, மாலையில் வடிந்துவிடும். தூசியாக இருக்கும், பூச்சி கடித்திருக்கும் என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டே நாள்களைக் கடத்துவர். சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. சிறுநீரகம் புரதத்தை வெளியே விட்டுவிடும் நோய்க்கு இதுவே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். மிக எளிய சிறுநீர்ச் சோதனையிலேயே அது தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதத் தக்கது கருவுற்ற பெண்ணின் முகவீக்கம். "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோப்பது வழக்கந்தானே" என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். பாதத்தில் மாலை நேரத்தில் தோன்றும் சிறு வீக்கம் பெரும்பாலும் வழக்கமானதுதான். ஆனால், ஐந்து மாதம் கடந்தபின் முகமும் கைகளும் திடீரென்று ஊதி, மோதிரத்தைக் கழற்ற முடியாமல் போனாலோ, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன தோன்றினாலோ, அது இரத்த அழுத்தம் ஏறி, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியக்கூடிய நிலையாக இருக்கலாம். அன்றைய தினமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கணவர் ஊரில் இல்லை, வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சல், முகத்தில் சீழ்க்கட்டி, பல் வேர் வீக்கம் ஆகியன உள்ளபோதும் நீவுதல் கூடாது. இதய நோய், சிறுநீரக நோய், தைராய்டு மிகுதி, கழுத்து நாளங்களில் அடைப்பு, புற்றுநோய் ஆகியவற்றுக்கு மருத்துவம் செய்துகொள்வோர் மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டாம். கழுத்தில் வலியில்லாத கட்டி மூன்று வாரங்களுக்கு மேல் கரையாமல் இருந்தால் அதனைத் தேய்த்துக் கரைக்க முயலாதீர்கள். நம் நாட்டில் காசநோய் கழுத்து நெறிகளில் வருவது அரிதன்று. அதற்கு முழுமையான மருந்தும் உண்டு.

இவை எதுவும் இல்லையெனில் இனிச் செய்முறைக்கு வருவோம்.

காலைத் தொழுகை முடிந்து அடுப்படிக்குச் செல்லுமுன் ஏழெட்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, கைகளையும் முகத்தையும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டியதில்லை. எண்ணெய் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். நமக்கு வேண்டியதோ விரலோடு தோலும் சற்று நகர்வது. தோல் மிக வறண்டவர்கள் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளலாம். சாய்ந்து அமர்ந்து, வயிறு உயரும்படி ஐந்து முறை ஆழ்ந்து மூச்சு விடுங்கள்.

முதலில் முகத்தைத் தொடாதீர்கள். முற்றத்தில் மழைநீர் தேங்கினால் என்ன செய்வோம்? தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்திருக்கும் சருகை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் துடைப்பத்தால் தள்ளுவோம். இங்கும் அவ்வாறே. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை மட்டும் மெல்லக் கீழ்நோக்கி உள்வாட்டமாக இழுத்து விட்டுவிடுங்கள். இருபுறமும் பத்து முறை இவ்வாறு செய்யுங்கள். அடுத்து, காதுக்குக் கீழிருந்து கழுத்தின் பக்கவாட்டில் காறை எலும்பு வரை மெல்ல இறக்குங்கள். தொண்டையின் முன்புறத்தைத் தொட வேண்டாம். கழுத்தின் இருபுறமும் ஒருசேர அழுத்தவும் வேண்டாம். மூளைக்குச் செல்லும் பெரிய நாளங்கள் அங்கே உள்ளன.

பின்னரே முகம். மோவாயிலிருந்து தாடையோரமாகக் காதடி வரை; மூக்கின் பக்கத்திலிருந்து கன்னத்தின் குறுக்கே காதின் முன்புறம் வரை; நெற்றி நடுவிலிருந்து இரு பொட்டுகள் வரை என ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை. கண்ணுக்குக் கீழே மோதிர விரல் மட்டும் போதும். அந்த விரலுக்கு வலு குறைவு. மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகப் பொட்டு வரை அதனை நகர்த்துங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காதோரத்திலிருந்து கழுத்து வழியே காறை எலும்பு வரை ஒருமுறை இறக்கிவிடுங்கள். இல்லையேல் கன்னத்திலிருந்து தள்ளியது காதருகே நின்றுவிடும்.

நம் பெண்கள் தவறுவது பெரும்பாலும் அழுத்தத்தில்தான். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிப் பழகிய கைகள் அல்லவா! அந்தப் பழக்கத்தில் முகத்தையும் அழுத்தித் தேய்த்துவிடுகிறார்கள். முகத்தின் நிணநீர் தொடங்கும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றே கீழே இருப்பவை. அழுத்தினால் அவை நசுங்கிவிடும். குருதி ஓட்டம் கூடித் தோல் சிவக்கும். காய்ச்சிய பாலின்மேல் படிந்த ஆடையைக் கிழிக்காமல் விரலால் ஒதுக்குவீர்கள் அல்லவா, அந்த அளவு போதும். முகம் சிவந்தால் கை கனத்துவிட்டது என்று பொருள். வேகமும் வேண்டாம், ஒவ்வொரு வருடலுக்கும் இரண்டு மூன்று விநாடிகள் ஆகட்டும்.

இதனால் முகம் வெளுக்கும், கன்னச் சதை கரையும், உடலின் நச்செல்லாம் வெளியேறும் என்றெல்லாம் விளம்பரம் செய்கின்றனர். அவற்றை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன. நீவுவதால் கிடைப்பது வீக்கம் சற்று விரைவாக வடிதலும், தாடையின் இறுக்கம் தளர்ந்து மனம் அமைதியுறுதலுமே. அந்தப் பலனும் சில மணி நேரந்தான் நிற்கும். எழுந்து நடமாடத் தொடங்கினாலே பாதி வீக்கம் தானே வடிந்துவிடுகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். படுத்திருக்கையில் முகத்தில் தங்கிய நீர், நிமிர்ந்ததும் கீழே இறங்குகிறது.

ஆகவே இரவு உணவில் உப்பைக் குறையுங்கள். அப்பளமும் ஊறுகாயும் பகல் உணவோடு நிற்கட்டும். தலையணையைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். தும்மலும் மூக்கடைப்பும் உடையவர்களுக்குக் கண் வீங்குவது தூசியால் இருக்கலாம். தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இரண்டு வாரம் செய்தும், நாள் முழுவதும் மாறாமல் கண்ணின்கீழ் பை போலத் தொங்குமாயின், அது நீர் அன்று. வயது ஏற ஏற முன்தள்ளி வரும் கொழுப்பு. சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் இளவயதிலேயே அது காணப்படும். அதனை எத்தனை நாள் நீவினாலும் வடியாது. அதனால் உடலுக்குக் கேடும் இல்லை.